முதுகைக் காட்டி ஏமாற்றும் ஈ

எட்டு மாதம் ஒரு படம் தப்பான பெயரோடு என் கணினியில் கிடந்தது. பெயர் வைத்தவன் நான்தான். ‘எரிஸ்டாலினஸ், பெண்’ என்று கோப்பின் தலைப்பு. எரிஸ்டாலினஸ் என்பது பூ ஈக்களில் ஒரு பேரினம். படம் அருமையாக வந்திருந்தது. பூவின் மேல் உட்கார்ந்து தேன் குடிக்கும் ஈ, கண்ணில் வரிகள், வயிற்றில் மஞ்சளும் கருப்பும். ஈக்களையே வருஷக்கணக்கில் பார்த்துவரும் ஒருவருக்கு அதை அனுப்பினேன், கொஞ்சம் பெருமையோடுதான். ஒரே வரியில் பதில் வந்தது. “நல்ல படம் சார். ஆனா இது பூ ஈ இல்ல, இறக்கையைப் பாருங்க.”

பார்த்தேன். இறக்கை இறக்கையாகத்தான் இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே அவர் சொன்னது புரிந்தது. படத்தில் இருந்தது ஸ்டோமோரைனா, இறைச்சியில் மொய்க்கும் பச்சை ஈக்களுக்கு உறவுக்காரன். கண்ணில் வரி அதற்கும் உண்டு. வயிற்றில் பட்டையும் உண்டு. பூவுக்கு வந்து நாகரிகமாகத் தேன் குடிக்கவும் செய்யும். அதன் ஓர் இனத்தின் புழுக்கள், வெட்டுக்கிளி மண்ணுக்குள் இட்ட முட்டைகளைத் தின்று வளர்கின்றன. வெப்பமண்டலப் பூக்களில் யாராவது எடுத்து ‘பூ ஈ’ என்று பெயர் போட்ட படங்களைப் புரட்டினால் இந்த ஆள் அடிக்கடி தலைகாட்டுவார். குழியில் விழுந்தது நான் ஒருவன் மட்டும் இல்லை என்பதில் சின்ன ஆறுதல்.

ஹோவர்ஃப்ளை என்று ஆங்கிலேயரும் ஃப்ளவர் ஃப்ளை என்று அமெரிக்கரும் சொல்லும் சிர்ஃபிடே குடும்பத்தைத்தான் பூ ஈ என்று எழுதுகிறேன். அந்தரத்தில் அசையாமல் நிற்பது அதன் வித்தை, பூவில் சாப்பிடுவது அதன் பிழைப்பு. பிழைப்பை வைத்தே கூப்பிடுவோம்.

பூ ஈயின் இறக்கையில் முதலில் தேட வேண்டியது பொய் நரம்பை. இறக்கையின் நடுவில், நீளவாக்கில், மூன்றாம் நரம்புக்கும் நான்காம் நரம்புக்கும் இடையே ஒரு மெல்லிய கோடு ஓடும். மற்ற நரம்புகளெல்லாம் ஓரிடத்தில் கிளைத்து ஓரிடத்தில் போய்ச் சேரும். இது எதிலிருந்தும் கிளைக்காது, எதிலும் போய் முட்டாது. சவ்வு சற்றே தடித்துப்போன ஒரு தழும்பு, அவ்வளவுதான். பெயரிடப்பட்டவை மட்டுமே 6,000 இனங்களைத் தாண்டும் இந்தக் குடும்பத்தில், வெகு சிலவற்றைத் தவிர எல்லாவற்றுக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அதற்கு அடுத்தது பொய் விளிம்பு. இறக்கையின் வெளி ஓரத்தை நோக்கி வரும் நரம்புகள் ஓரத்தைத் தொடாமல், சற்று முன்பே திரும்பி, ஓரத்துக்கு இணையாக ஓடும். துணியின் கரையை மடித்துத் தைத்தது போல இருக்கும். என் ஸ்டோமோரைனாவில் தழும்பும் இல்லை, மடிப்புத் தையலும் இல்லை. நான்காம் நரம்பு நுனிக்கு அருகில் முழங்கையை மடக்கியது போல வெடுக்கென்று மேலே திரும்பியிருந்தது. எட்டு மாதமாக அது என் கண் முன்னால்தான் இருந்தது.

பொய் நரம்பு படத்தில் விழுவதற்குக் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஈ வெள்ளை இதழில் உட்கார்ந்திருந்தால் இறக்கையின் பாதி நரம்புகள் அந்த வெளுப்பிலேயே கரைந்துவிடும். பின்னால் நிழலோ கரும்பச்சை இலையோ இருந்து, வெயில் பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழுந்தால், கண்ணாடியில் பூசிய மெழுகுக் கோடு மாதிரி அது எழும்பி வரும். அந்தரத்தில் நிற்கும்போது எடுத்த படத்துக்குத்தான் பாராட்டு குவியும், ஆனால் அடையாளம் காண அது உதவாது. இறக்கை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கிறது. 1/1000 நொடியில் எடுத்தாலும் புகை போலத்தான் விழும். ஈ உட்காரும்வரை காத்திருப்பதே மேல்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் கை ஈயின் முதுகுக்கு மேலேதான் போகிறது. மேலிருந்து எடுத்தால் இரண்டு இறக்கையும் விரிந்து, பட்டைகள் பளிச்சென்று, பார்க்க லட்சணமாக இருக்கும். சிக்கலே அந்த லட்சணத்தில்தான் இருக்கிறது. அந்தப் பட்டைகள் பார்ப்பவரை ஏமாற்றுவதற்கென்றே வந்தவை. பசுத்தோல் போர்த்திய புலியைப் பற்றி நாம் நிறையப் பேசுவோம். பூ ஈ புலித்தோல் போர்த்திய பசு. கொடுக்கு கிடையாது, கடிக்கத் தெரியாது. மகரந்தமும் தேனும்தான் சாப்பாடு. குளவி போலவோ தேனீ போலவோ வேஷம் கட்டிக்கொண்டு பறவைகளிடமிருந்து தப்பிக்கிறது. அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் அலைந்த ஹென்றி வால்டர் பேட்ஸ், அங்கே பார்த்த வண்ணத்துப்பூச்சிகளை வைத்து 1862-ல் இந்த வேஷத்துக்கு விளக்கம் எழுதினார். வேஷம் இன்றைக்கும் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

மோனோசெரோமையா என்ற பூ ஈயைப் பக்கத்தில் பார்த்தால் அந்த வேஷம் எவ்வளவு நுணுக்கமானது என்று தெரியும். குளவிக்கு நீண்ட உணர்கொம்பு; ஈக்கு அது குட்டை. இந்த ஈ என்ன செய்கிறதென்றால், நெற்றியிலிருந்து ஒரு காம்பை நீட்டி, அதன் நுனியில் தன் குட்டைக் கொம்புகளை நட்டு வைத்திருக்கிறது. குளவிக்கு இடை சிறுத்திருக்கும், இதற்கும் சிறுத்திருக்கிறது. உட்கார்ந்திருக்கும் குளவி இறக்கையை நீளவாக்கில் மடித்து வைப்பதால், குறுகலான பழுப்புப் பட்டையாகத் தெரியும். ஈயால் அப்படி மடிக்க முடியாது. அதனால் இறக்கையின் முன்பாதியில் மட்டும் பழுப்புச் சாயம் ஏறியிருக்கிறது, பின்பாதி கண்ணாடி. தூரத்திலிருந்து பார்த்தால் மடித்த இறக்கையேதான். முதன்முதலாக இதைப் படம்பிடித்தபோது கொட்டிவிடும் என்று பயந்து இரண்டடி பின்வாங்கியிருக்கிறேன். அந்தப் படத்தில் ஈ கடுகளவுதான் இருக்கிறது.

பறவைதான் ஏமாறும் என்றில்லை. செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று மத்தியதரைக் கடல் நாடுகளில் பழங்காலத்தில் நம்பினார்கள். அந்தத் தேனீ உண்மையில் எரிஸ்டாலிஸ் டெனாக்ஸ் என்ற பூ ஈயாகத்தான் இருந்திருக்கும் என்று ஆஸ்டன் சாக்கன் என்ற ஈ ஆய்வாளர் 1894-ல் எழுதினார். ஆண் தேனீயை அப்படியே உரித்து வைத்த ஈ அது. அதன் புழு அழுகல் நீரில், வால் போன்ற குழாயை மேலே நீட்டி மூச்சு விட்டுக்கொண்டு வளரும். இன்னொரு கூத்து மைக்ரோடான் என்ற பூ ஈயினுடையது. எறும்புக் கூட்டுக்குள் வாழும் அதன் புழு அரைக்கோளமாக, காலில்லாமல், மெதுவாக வழுக்கிக்கொண்டு போகும். 19-ஆம் நூற்றாண்டில் அதை ஓடில்லாத நத்தை என்று நினைத்து, நத்தைகளின் வரிசையிலேயே புதுப் பெயர் கொடுத்தார்கள். எட்டு மாதம் ஏமாந்த எனக்கு இந்தக் கதைகள் மருந்து.

ஆக, பட்டையை ஒதுக்கிவிட்டால் எங்கே பார்ப்பது? நான் முதலில் பார்ப்பது தோள். தலைக்குப் பின்னால் மார்பின் முன்மூலையில் இரண்டு பக்கமும் சின்னத் தோள்மேடுகள் இருக்கும். அசுவுணியைத் தின்னும் புழுக்களைக் கொண்ட சிர்ஃபினே துணைக்குடும்பத்தில், தலையின் பின்புறம் குழிந்து மார்போடு கவ்வியது போல உட்காரும். தோள்மேடு வழவழவென்று முடியில்லாமல், பாதி மறைந்தே இருக்கும். எரிஸ்டாலினே துணைக்குடும்பத்தில் தலைக்கும் மார்புக்கும் நடுவே கழுத்து தெரியும். தோள்மேட்டில் முடி நிற்கும். பக்கவாட்டில் எடுத்த ஒரு சுமாரான படம் போதும், இதைச் சொல்லிவிடலாம். மேலிருந்து எடுத்த பிரமாதமான படத்தில் சொல்ல முடியாமல் திண்டாடியிருக்கிறேன்.

எரிஸ்டாலிஸ் கூட்டத்தின் முத்திரை இறக்கையின் மூன்றாம் நரம்பில் இருக்கிறது. நேராக ஓட வேண்டிய நரம்பு நடுவில் துணிக்கொடி போலத் தொய்ந்து, திரும்ப மேலே ஏறும். ஒரு தடவை பார்த்துப் பழகினால் மங்கலான படத்திலும் கண் அதைப் பிடித்துவிடும். தொய்வைக் கண்டதும் அடுத்த கேள்வி, இறக்கையின் முன்விளிம்பை ஒட்டிய அறை, அதாவது நரம்புகளுக்கு நடுவே உள்ள சவ்வுப் பகுதி, மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா. மார்பில் நீளக் கோடுகள் போட்ட எரிஸ்டாலினஸும் அதே போல் கோடு போட்ட மெசெம்ப்ரியஸும் ஒரே பூவில் உட்கார்ந்து நம்மைக் குழப்பும். முன்னதில் அந்த அறை விளிம்பை எட்டுவதற்குள் மூடிவிடும், பின்னதில் திறந்தே போய் விளிம்பில் முடியும். கண்ணையும் பார்க்கலாம். எரிஸ்டாலினஸின் கண்ணில் பேனாவை உதறி மை தெளித்தது போலப் புள்ளிகள் இருக்கும், சில இனங்களில் வரிகள். மெசெம்ப்ரியஸின் கண் வெறுமை. ஸ்டோமோரைனாவிடம் அடிவாங்கிய பிறகு கண்ணை மட்டும் நம்பிப் பெயர் வைப்பதில்லை. இறக்கை சாட்சி சொன்னால்தான் கண்ணின் சாட்சியையும் எடுத்துக்கொள்வேன்.

ஆணா பெண்ணா என்பதை நேர்முகப் படம் சொல்லிவிடும். பெரும்பாலான ஆண்களுக்கு இரண்டு கண்ணும் உச்சியில் ஒட்டியிருக்கும், பெண்களுக்கு நடுவே நெற்றி இடைவெளி இருக்கும். மைக்ரோடான் போன்றவை விதிவிலக்கு, அங்கே ஆணுக்கும் இடைவெளி. பாலினம் எதற்கு என்று ஆரம்பத்தில் அலட்சியமாக இருந்தேன். இனங்களைப் பிரிக்கும் குறிகளில் பாதி ஆணிடம் மட்டும்தான் இருக்கிறது என்பதை இஸ்கியோடான்தான் சொல்லிக் கொடுத்தது.

இஸ்கியோடான் ஸ்கூட்டெல்லாரிஸ் ஆசிய வெப்பமண்டலத்தில் சர்வசாதாரணம். மூக்குத்திப் பூவில் காலையில் போய் உட்கார்ந்தால் ஒன்றாவது வரும். ஒல்லி உடம்பு, மார்பின் இரண்டு ஓரத்திலும் கோடு கிழித்தாற்போல மஞ்சள், வயிற்றில் மஞ்சள் வளைவுகள். இதே லட்சணங்களோடு ஸ்ஃபெரோஃபோரியா என்று இன்னொரு பேரினம். மேலிருந்து எடுத்த படங்களை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்கப் பார்த்து நான் வீணாக்கிய இரவுகள் பல. ஒரு நாள் பெயரின் பொருளைத் தேடினேன். இஸ்கியோன் என்றால் கிரேக்கத்தில் இடுப்பு, ஓடோன் என்றால் பல். இடுப்பில் பல்! பெயர் வைத்தவர் சும்மா வைத்திருக்க மாட்டாரே என்று பழைய படங்களைக் கிளறினேன். கோணல் என்று ஒதுக்கி வைத்திருந்த ஒரு படத்தில், ஈ இலை விளிம்பில் தொங்கிக்கொண்டு அடிவயிற்றைக் காட்டியிருந்தது. பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தைப் பெரிதாக்கினேன். தொடை தொடங்குவதற்கு முன்னால் இருக்கும் குட்டிக் கணுவில், கீழ்நோக்கி ஒரு முள். மஞ்சள் நிறம், நகத்தை வெட்டிப் போட்ட துணுக்கு அளவுகூட இல்லை. இடுப்புப் பல் அதுதான். ஆணுக்கு மட்டும் உண்டு.

ஸ்ஃபெரோஃபோரியாவின் பெயருக்கும் அதே போல் பொருள் இருக்கிறது: உருண்டை சுமப்பவன். ஆணின் வயிற்று நுனியில், அடிப்புறமாக, பிறப்புறுப்பு பெரிய உருண்டையாகத் துருத்தியிருக்கும். இரண்டு பெயரும் விடையைச் சொல்லிவிட்டன, இரண்டு விடையும் ஈயின் அடியில் இருக்கின்றன. நானோ இரண்டு வருஷமாக முதுகையே எடுத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகு தரையில் படுத்து எடுக்க ஆரம்பித்தேன். முழங்கையில் சட்டை கிழிந்தது, படங்கள் அசிங்கமாயின, பெயர்கள் சரியாயின.

நிறத்தை நம்பக் கூடாததற்கு இன்னொரு காரணம் உண்டு. எபிசிர்ஃபஸ் பால்டியாட்டஸின் வயிற்றில் ஒரு தடித்த கருப்புப் பட்டையும் ஒரு மெல்லிய பட்டையும் மாறி மாறி வரும். கூட்டுப்புழுவாக இருக்கும்போது குளிர் பட்டால் கருப்பு பரவும், சூட்டில் வளர்ந்தால் ஆரஞ்சு பரவும். உயரமான மலையில் எடுத்த இருட்டான ஒன்றையும் சமவெளியில் எடுத்த வெளிறிய ஒன்றையும் இரண்டு இனங்களாகக் கணக்கில் சேர்த்து, என் பட்டியலில் எண்ணிக்கை கூடிவிட்டதென்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். பட்டையைப் பார்த்தே பெயர் சொல்லக்கூடிய ஈக்களும் இல்லாமல் இல்லை. இறக்கையின் நடுவில் குறுக்கே கருப்புப் பட்டை போட்ட டிடியோப்சிஸை நடக்கும்போதே சொல்லிவிடலாம். அமெரிக்கக் கண்டத்து டாக்சோமெரஸ் இனங்கள் பலவற்றைப் பிரிப்பதும் வயிற்றுக் கோலத்தை வைத்துத்தான். ஆனால் அந்தக் கோலத்தை நம்புவதற்கு முன் அது டாக்சோமெரஸ்தான் என்று உறுதியாக வேண்டும். அதற்குக் கண்ணின் பின்விளிம்பைப் பார்க்க வேண்டும், ஒரு சின்ன முக்கோண வெட்டு இருக்கும். அதுவும் பக்கவாட்டில்தான்.

படம் தராத விஷயங்களில் முதலாவது அளவு. திரையில் எல்லா ஈயும் ஒரே பருமன். நான்கைந்து மில்லிமீட்டர் பாராகஸும் இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டும் மிலேசியாவும் பக்கத்துப் பக்கத்தில் சமமாக நிற்கும். அளவு தெரிந்த பூவோ விரல் நகமோ படத்தின் மூலையில் இருந்தால் போதும்.

இடமும் ஒரு குறிதான். இஸ்கியோடான் என்று உறுதியாகி, படம் ஆப்பிரிக்காவின் தென்பகுதியில் எடுத்ததென்றால் அது ஏஜிப்டியஸ். தென்கிழக்கு ஆசியாவில் என்றால் ஸ்கூட்டெல்லாரிஸ். ஆனால் கப்பலேறும் ஈக்களும் இருக்கின்றன. ஆர்னிடியா ஒபீசா அமெரிக்க வெப்பமண்டலத்து ஈ. உடம்பு முழுக்க உலோகப் பச்சை. இறைச்சிக் கடைப் பச்சை ஈ என்றுதான் முதலில் தோன்றும். அழுகும் எதிலும் அதன் புழு வளரும். அதனால் மனிதனோடு சேர்ந்து ஆப்பிரிக்கா, ஆசியா, பசிபிக் தீவுகள் என்று குடியேறிவிட்டது. என் ஸ்டோமோரைனா, பூ ஈ போல வேஷமிட்ட பச்சை ஈக் குடும்பத்தான். ஆர்னிடியாவோ பச்சை ஈ போல வேஷமிட்ட பூ ஈ. இரண்டையும் பிரிக்க அதே பொய் நரம்புதான் வேண்டும்.

படத்தைக் கொடுத்தால் பெயர் சொல்லும் செயலி ஒன்றையும் கொஞ்ச நாள் நம்பினேன். குடும்பம்வரை பெரும்பாலும் சரியாகச் சொல்லும். இனம் என்று வந்தால், நான் கொடுத்த வெப்பமண்டல ஈக்களுக்குக் கூச்சமே இல்லாமல் ஐரோப்பியப் பெயர் வைத்தது. அதன் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. அது பார்த்துப் பழகிய படங்கள் எங்கே அதிகமோ, அந்தப் பக்கம்தான் சாயும். தவிர, அதற்கு நாம் ஊட்டியதும் மேலிருந்து எடுத்த அழகான முதுகுகளைத்தான்.

புத்தகங்களுக்கு வேறு சிக்கல். ஆசிய ஈக்களுக்கு இன்னும் 1923-ல் வந்த புரூனெட்டியின் தொகுதியைப் புரட்ட வேண்டியிருக்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்துப் பேரினங்களுக்கு 1999-ல் தாம்ப்சன் எழுதிய அடையாளச் சாவி, அதாவது கேள்வி மேல் கேள்வி கேட்டுப் பெயருக்குக் கொண்டுபோகும் பட்டியல், இருக்கிறது. இரண்டுமே குண்டூசியில் குத்திய ஈயை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்ப்பவருக்காக எழுதியவை. முகத்து முடி கருப்பா மஞ்சளா, இறக்கைச் சவ்வில் நுண்முடி எந்தப் பகுதியில் இல்லை என்று கேட்கும். நுண்முடியைக் காட்டும் படம் நான் இதுவரை எடுத்ததில்லை.

பாராகஸிடம் நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். புல்வெளியில் தரையோடு தரையாகத் திரியும் அரிசி அளவு ஈ. கருப்பு உடம்பு, மஞ்சள் முகம், கண்ணில் வெள்ளி முடிகள். பேரினத்தைச் சொல்வதில் கஷ்டமே இல்லை. இனத்தைச் சொல்ல ஆணின் பிறப்புறுப்பைப் பிரித்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறது சாவி. படத்தைப் பிரித்தெடுக்க முடியாது. ஈயைக் கொன்று பார்ப்பதைத் தப்பென்று சொல்லவில்லை. அப்படிப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் இவ்வளவு பேசுகிறேன். என்னிடம் இருப்பது கேமரா மட்டும். அதனால் என் கணினியில் ‘பாராகஸ், இனம் தெரியாது’ என்று ஓர் உறை இருக்கிறது. ஆரம்பத்தில் அதைத் திறக்கும்போதெல்லாம் தோற்றுப்போன மாதிரி இருக்கும். இப்போது என் உறைகளிலேயே ஒரு தப்புகூட இல்லாத உறை என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஆண் பூ ஈ தன் இடத்தை விட்டுக் கொடுக்காது. விரட்டினால் போய்விட்டு, அதே உயரத்தில், அதே வெயில் துண்டில் திரும்ப வந்து நிற்கும். அந்த இடத்துக்குக் குவியத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு காத்திருப்பது என் வழக்கம். போன வாரமும் அப்படித்தான் தரையில் படுத்துக் கிடந்தேன். இஸ்கியோடான் என்று நினைக்கிறேன், தலைக்கு மேலே ஒரு ஜாண் தூரத்தில் வந்து நின்றது. நின்று, போய், வந்து, கடைசியில் ஒரு புல் நுனியில் உட்கார்ந்தது. பக்கவாட்டில், கால்களைத் தொங்கவிட்டு, வெயில் சரியாகப் பின்னாலிருந்து விழ. அழுத்தினேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பொய் நரம்பு தெரிகிறது, பொய் விளிம்பு தெரிகிறது, தோள்மேடு வழவழப்பு. இடுப்பில் பல் இருக்க வேண்டிய இடத்துக்கு நேர் முன்னால், இன்னொரு புல்.